பாழூரும் ஒளிப்படமும்



குடிபெயர்ந்து போன ஊரைச் சொல்லில் தீட்டும் மரபு தமிழுக்குப் பழையது. அகநானூற்றின் 167ஆம் பாட்டு அத்தகைய பாழூர் ஒன்றைக் காட்டுகிறது. அங்கே முதுபாழில் பீர்க்கங்கொடி எழுந்திருக்கிறது. மாடத்துப் புறாக்கள் நீங்கிவிட்டன. படையல் பெற்ற திண்ணை மெழுகுவாரின்றிக் கிடக்கிறது. இவ்வளவும் காட்டிய புலவர், வில்லேந்திய பகைவருக்கு அஞ்சியே ஊரார் வெளியேறினர் என்பதையும் சொல்லிவிடுகிறார். பாழின் காட்சியும் அதன் காரணமும் ஒரே பாட்டில் நிற்கின்றன. இன்றைய ஒளிப்படத்தில் இவ்விரண்டும் பிரிந்துவிடுவதைப் பற்றியதே இவ்வுரை.

சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில், ஷாங்காய் நகருக்குக் கிழக்கே கடலில் உள்ளது ஷெங்ஷான் தீவு. அதன் மலைச்சரிவில் அமைந்த மீனவர் ஊர் ஹௌதௌவான். ஒருகாலத்தில் 2,000க்கும் மேற்பட்டோர் அங்கே வாழ்ந்தனர். மீன்பிடி படகுகள் பெரியவையாயின. ஊரின் சிறு குடாவில் அவற்றுக்கு இடமில்லை. பிள்ளைகளின் படிப்புக்கு வழி அரிதாயிற்று. உணவுப் பண்டங்கள் வந்து சேர்வதும் கடினமாயிற்று. 1990களின் தொடக்கத்தில் வசதி படைத்தோர் முதலில் சென்றனர், மற்றவர் பின்தொடர்ந்தனர். 2002இல் ஊர், அண்டை ஊரோடு இணைக்கப்பட்டது. விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே எஞ்சினர்.

2015இல் அவ்வூரின் ஒளிப்படங்கள் உலகெங்கும் பரவின. கூரை, சுவர், சாளரம் எங்கும் பச்சைக்கொடி! இயற்கை தன் உடைமையை மீட்டுக்கொண்டதென்று கண்டோர் வியந்தனர். வியந்தோர் பயணிகளாய் வந்தனர். பார்வை மேடை எழுந்தது. நுழைவுக் கட்டணமும் வந்தது. வாழ்வதற்கு ஆகாத ஊர் பார்ப்பதற்கு உகந்த ஊராயிற்று.

அப்படங்களில் பொய் ஏதுமில்லை, குறை உண்டு. எட்டத்தில் நின்று எடுக்கும்போது வீடுகள் பசுமையின் வடிவங்களாகிவிடுகின்றன. 1978இல் சீன மக்களில் 100க்கு 18 பேரே நகரத்தார். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 64 ஆயிற்று. இத்துணைப் பெரிய பெயர்ச்சியைக் கொடி மட்டும் சொல்லிவிட இயலாது. அடுப்புச் சுவரின் கரி, படம் மாட்டிய ஆணியின் தழும்பு, காலடிகள் தேய்த்த வாசற்படி ஆகியவை எந்தப் பாழூரிலும் பேசும். அவற்றை அணுகிப் பார்க்கும் கலைஞர், ஊர்விட்டுப் போனவரையும் அவர்தம் புதிய வாசலில் நிறுத்திப் படமெடுத்தால் வரலாறு முழுமை பெறும்.

கவிஞருக்கும் இதில் பாடம் உண்டு. விட்டுவந்த ஊரை எண்ணி ஏங்கும் கவிதைகள் இன்று மிகுதி. பள்ளியையும் துறைமுகத்தையும் நாடிச் சென்றவர்கள் ஊரை வெறுத்தவர்கள் அல்லர். தம் மக்களின் நாளையைக் கருதியவர்கள். அந்த மலைப்படிகளில் ஒருநாளும் சுமை தூக்கி ஏறாதவர், அவர்கள் போனதைக் குற்றமாகவோ அழிவாகவோ மட்டும் பாடுவது அறமாகாது. அவர்களைப் போகச்செய்த தேவையை ஊரிலேயே நிறைவு செய்யாதது யார் என்பதே எழ வேண்டிய வினா.

கொடியைப் பாடுக, அது படர்வதற்கு முன் அவ்வாசலைப் பூட்டிச் சென்ற கையையும் பாடுக. சங்கப் புலவர் காட்டிய நெறி அதுவே.