உறைமோர்

எனக்குச் சொந்த ஊர் கனகம்மாசத்திரம். சென்னையிலிருந்து திருப்பதிக்குப் பஸ்ஸில் போனவர்கள் தூக்கத்திலேயே கடந்திருப்பீர்கள். அங்கே கிளை ரோட்டில் திரும்பினால் திருவாலங்காடு, அதை ஒட்டிப் பழையனூர். 'நீலிக்கண்ணீர்' என்கிறோமே, அந்த நீலியின் ஊர்.

கதை தெரிந்ததுதான். கணவன் கையால் செத்தவள் பேயாகிறாள். மறுபிறப்பில் வணிகனாக வரும் அவனை, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு துரத்துகிறாள். பழையனூர் வேளாளர் எழுபது பேரிடம் வழக்குப் போகிறது. இவள் மனைவியில்லை, என்னைக் கொன்றுவிடுவாள் என்று கதறுகிறான். குழந்தையோ அவனிடம் தாவுகிறது. சபைக்கு அது போதும். அவன் கத்தியை வாங்கிக்கொண்டு இருவரையும் ஒரே அறையில் விடுகிறார்கள். உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரே பிணை என்கிறார்கள். விடிந்தால் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள்.

வாக்குத் தவறாதவர்கள் என்று கொண்டாடுகிறோம், சரி. பயமாயிருக்கிறது என்று ஒருவன் வாய்விட்டுச் சொன்ன பிறகும் புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று உள்ளே தள்ளினார்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. இன்று தள்ளப்படுகிறவள் பெரும்பாலும் பெண். விசா புருஷன் தயவில், பாங்க் கணக்கு அவன் பெயரில். ஊரிலிருந்து போனில், "அனுசரிச்சுப் போம்மா." பிணை நிற்கத்தான் ஆளில்லை. முதலில் கொலையானவள் நீலி என்பதையும் மறந்து, பொய்யழுகைக்கு அவள் பெயரையே வைத்திருக்கிறோம்.

இந்தியாவின் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 4ஆம் பிரிவு அக்கம்பக்கத்தாருக்கானது. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணமிருந்தால் யாரும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்குப் பாயாது.

என் அம்மாவுக்குச் சட்டமெல்லாம் தெரியாது. ஒரு ராத்திரி பக்கத்து வீட்டில் பாத்திரம் உருண்டது, பிறகு அந்த அக்காவின் குரல். அப்பா ரேடியோ சத்தத்தைக் கூட்டினார். அம்மா என் கையில் டம்ளரைத் திணித்தாள்.

"போய் உறைக்கு மோர் வாங்கிக்கினு வா. குடுக்கிற வரைக்கும் வாசல்லயே நில்லு."

பிள்ளையை அனுப்பலாமா என்று கேட்பீர்கள். அவள் திண்ணையில்தான் நின்றாள்.

கதவைத் தட்டினேன். "விளக்கு வச்சப்புறம் எவன்டா மோர் கேக்குறான்?" என்று அக்காவின் புருஷன் என்மேல் பாய்ந்தார். நான் நகரவில்லை. கிணற்றடி இரண்டு வீட்டுக்கும் பொது. அதற்குள் அக்கா அந்த வழியாக எங்கள் அடுப்படிக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் திரும்பிப் போய் அவருக்குச் சோறும் ஆக்கினாள். அம்மா அதற்காக அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை, மோர் கேட்பதையும் நிறுத்தவில்லை.

2008இல் 'பெல் பஜாவ்' என்ற பிரசாரம் டிவியில் வந்தது. அடி விழும் வீட்டின் மணியை அழுத்து, எதையாவது கேள் என்பார்கள். பார்த்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அன்னைக்கு நிஜமாவே மோர் இல்லையாம்மா?"

"உறியில ஒரு சட்டி இருந்துச்சு."