ஏஎன்ஏ பாசிட்டிவ் என்று போனில் வந்தால்…

லேப் ரிப்போர்ட் இப்ப வாட்ஸ்அப்பிலேயே வந்துடுது. அதுல ‘ஏஎன்ஏ பாசிட்டிவ்’ என்று தடித்த எழுத்தில் பார்த்ததும், கூகுளில் தேடி, தனக்கு லூபஸ்தான் என்று முடிவுகட்டி, ராத்திரி முழுக்கத் தூங்காம வர்றவங்க நிறைய பேர். அவங்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

கால் எரிச்சல், மதமதப்பு என்றால் முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை. அப்புறம் பி12, தைராய்டு, சிறுநீரகம். குடிப்பழக்கம் இருந்தா டாக்டரிடம் மறைக்காதீங்க. உணர்ச்சியில்லாத தேமல் இருந்தாலும் காட்டுங்க, தொழுநோயும் நரம்பைக் கெடுக்கும். இதிலெல்லாம் விடை கிடைக்கலேன்னாதான், நம்ம எதிர்ப்பு சக்தியே நரம்பைத் தாக்குதா என்ற சந்தேகம் வரும்.

சரி, ரிப்போர்ட்டில் 1:80, 1:640 என்று இருக்கே, அது என்ன? மோரில் தண்ணீர் ஊற்றிக்கிட்டே போய், இன்னும் உப்புத் தெரியுதா என்று பார்க்கிற மாதிரிதான். 80 மடங்கு நீர்த்தும் தெரிந்தால் 1:80. 640 மடங்கு நீர்த்தும் தெரிந்தால் 1:640, அதுதான் அதிகம். பலர் தலைகீழாப் புரிஞ்சுக்கறாங்க. 1:40, 1:80 அளவு எந்த நோயும் இல்லாத பலருக்கும் வரும், குறிப்பாகப் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும்.

நெகட்டிவ் வந்துட்டா நிம்மதியா? அதுவும் இல்லை. சிஐடிபி என்ற நரம்பு நோய் பெரும்பாலும் ரத்தப் பரிசோதனையில் சிக்காது, நரம்பு மின்கடத்தல் சோதனை வேண்டும். கண்ணும் வாயும் வறண்டு, கூடவே காலும் எரிந்தால் ஷோக்ரன் நோயாக இருக்கலாம். அதற்கு ஆன்டி-ரோ பார்ப்பார்கள். அது நெகட்டிவ் என்றாலும் சந்தேகம் இருந்தால் உதட்டின் உள்பக்கம் சிறு சதை எடுத்துப் பார்ப்பதுண்டு.

திடீரென்று வலியோடு ஒரு பாதமோ மணிக்கட்டோ தொங்கிப்போனால் ரத்தக்குழாய் அழற்சியா என்று பார்க்கணும். இஎஸ்ஆர், ஆங்கா எல்லாம் அப்போது உதவும். ஆனா நாளைக்கு டெஸ்ட் எடுக்கலாம் என்று வீட்டில் இருக்காதீங்க, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

காலில் தொடங்கிய பலவீனம் சில நாளிலேயே மேலே ஏறி, மூச்சு விடவும் சிரமமானால் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்க வேண்டாம். உடனே 108. அது ஜிபிஎஸ் ஆக இருக்கலாம், முதல் இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் நல்ல பலன் உண்டு.

ஒரு சின்ன விஷயம். டாக்டரிடம் ஸ்கிரீன்ஷாட் காட்டாதீங்க, முழு பிடிஎஃப் காட்டுங்க. எந்த முறையில் சோதித்தார்கள் என்பது அதில் இருக்கும். இரண்டு லேப் இரண்டு முறையில் செய்தால் எண்ணை ஒப்பிடவே முடியாது. சந்தேகம் இருந்தா 104-க்கு போன் பண்ணிக் கேளுங்க.