நாலு பேர் கண்ணில் பட வேண்டுமே!

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கத்தின் சார்பில் ஒரு வலைப்பூ தொடங்கி, போடியைப் பற்றியும் மலையைப் பற்றியும் உறுப்பினர்கள் எழுதுவதை அதில் சேர்த்து வைப்பதென்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. "எழுதறது இருக்கட்டும்ணே, வந்து படிக்கப் போறது யாரு?" என்று செயலாளர் கேட்டார். பல வருஷம் வலைப்பூ எழுதியவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

நமக்குத் தெரிந்த வியாபாரத்தை வைத்தே சொல்கிறேன். மலையில் எவ்வளவு நல்ல காய் விளைந்தாலும், மூட்டைக்குள்ளேயே கிடந்தால் யாருக்குத் தெரியும்? மாதிரி, தட்டுக்கு வரவேண்டும். வியாபாரி கையில் அள்ளி, பச்சை பார்த்து, பருமன் பார்த்து, ஒன்றை உரித்தும் பார்த்தால்தான் விலை. இன்று போடியிலும் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னேலம் கம்ப்யூட்டரில் நடக்கிறது. ஆனாலும் மாதிரிக்கு உள்ள மரியாதை போய்விடவில்லை. வலைப்பூக்களுக்கு அப்படி மாதிரித் தட்டாக இருந்தவைதான் புக்மார்க் தளங்கள்.

புக்மார்க் என்றால் படித்த பக்கத்துக்கு நாம் வைக்கும் அடையாளம். அதை நம் கம்ப்யூட்டருக்குள் வைக்காமல் ஊர் பார்க்கும்படி பொதுவில் வைத்தால் என்ன என்ற யோசனையில், அமெரிக்காவில் ஜோஷுவா ஷாக்டர் என்பவர் 2003-ல் 'டெலிஷியஸ்' தளத்தைத் தொடங்கினார். பக்கத்தைச் சேமிக்கும்போதே 'ரயில்', 'மலை', 'சமையல்' என்று குறிச்சொல்லும் போட்டு வைக்கலாம். அதே குறிச்சொல்லைத் தேடி வருகிற முன்பின் தெரியாத ஆளுக்கும் அது பயன்படும். 2004-ல் வந்த 'டிக்' வேறு ரகம். அங்கே ஓட்டுத்தான் எல்லாம். ஓட்டு அதிகம் விழுந்த பக்கம் முகப்புக்கு ஏறும், கூட்டம் தாங்காமல் அந்தத் தளமே படுத்துவிடுவதும் உண்டு.

தமிழிலும் இந்த இரண்டு குணமும் வந்தன. காசி ஆறுமுகம் 2004-ல் தொடங்கிய 'தமிழ்மணம்', புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் திரட்டி. பின்னால் அதிலும் வாக்குப் பட்டை வந்தது. 'தமிழிஷ்', அதாவது பிறகு 'இன்ட்லி' என்று பெயர் மாறியது, முழுக்க ஓட்டை நம்பிய தளம். அந்தக் காலத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது. கல்யாண வீட்டு மொய் மாதிரிதான்! நீ எனக்குப் போட்டால் நான் உனக்குப் போடுவேன். முதலில் பின்னூட்டம் போட்டவர் 'வடை எனக்கே' என்று எழுதிவிட்டுப் போவார். பதிவைப் படித்தாரா என்றெல்லாம் கேட்கக் கூடாது. நட்பு வளர்ந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி வந்தவர் மறுநாள் அடுத்த பந்திக்குப் போய்விடுவார்.

2010 டிசம்பர் 31-ல் நம் மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயில் நின்றபோது ஒரு பதிவு எழுதினேன். 1928-ல் வந்த பாதை. உலகப் போர் சமயத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப்போய், பிறகு மறுபடி போட்ட பாதை. வழக்கமாக ஒரு ஜீப்பு நிறைய ஆள் வரும் என் பக்கத்துக்கு அன்று ஓட்டுகளின் புண்ணியத்தில் ஒரு ரயில் பெட்டி நிறைய ஆள் வந்தது. மூன்றாம் நாள் பழைய ஜீப்புதான்.

ஆனால் யாரோ ஒரு ரயில் பிரியர் அதே பதிவை டெலிஷியஸில் 'மீட்டர் கேஜ்', 'போடி' என்று குறிச்சொல் போட்டுச் சேமித்திருக்கிறார். அவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. 2014-ல் கனடாவிலிருந்து ஒரு அம்மா எழுதினார். அவருடைய தகப்பனார் அந்த ரயில் பாதையில் வேலை பார்த்தவர். அந்தப் பட்டியல் வழியாகத்தான் என் பதிவுக்கு வந்தாராம். தகப்பனார் கைப்பட எழுதி வைத்திருந்த நோட்டின் நகலையும் அனுப்பினார்: எந்த நாளில் எத்தனை ஏலக்காய் மூட்டை ஏறியது என்ற கணக்கு. ஓட்டுப் போட்ட கூட்டம் முழுக்க எனக்குத் தராததை அந்த ஒரு குறிச்சொல் தந்தது.

அதே டெலிஷியஸ் 2017-ல் வேறொருவர் கைக்கு விலைபோய், புதிதாகச் சேமிப்பது நின்றது. 'ஸ்டம்பிள்அப்பான்' 2018-ல் மூடப்பட்டது. தமிழ்த் திரட்டிகளின் காலமும் போய்விட்டது. போடிக்கு 2023 ஜூனில் அகலப்பாதை ரயில் வந்தபோது, அந்தப் பழைய பதிவை நினைவு வைத்துக் கேட்டவர்களுக்கு வழிகாட்ட ஒரு பட்டியலும் இல்லை. "அதான் வாட்ஸப் இருக்கே" என்பீர்கள். வாட்ஸப்பில் போட்டது சாயங்காலத்துக்குள் மேலே போய்விடும். குழுவுக்கு வெளியே இருக்கிறவர் தேடினாலும் கிடைக்காது.

ஆகவே என் யோசனை இது. தலைப்பில் அலங்காரம் வேண்டாம். 'நெஞ்சில் நின்ற நாட்கள்' என்று வைத்தால் யார் தேடி வருவார்? 'போடி ஏலக்கடையில் காய் பொறுக்கிய பெண்கள்' என்று வையுங்கள். குறிச்சொல்லில் 'போடி' மட்டும் போதாது, 'போடிநாயக்கனூர்' என்றும் போடவேண்டும். வெளியூர்க்காரர் அப்படித்தான் தேடுவார். ரயிலைப் பற்றியது என்றால் ரயில் பிரியர்கள் கூடும் இடத்திலும், விவசாயம் என்றால் விவசாயிகள் கூடும் இடத்திலும் இணைப்பைக் கொடுங்கள். எல்லா இடத்திலும் எல்லாவற்றையும் கொட்டினால் விளம்பரம் என்று தள்ளிவிடுவார்கள். அப்புறம், ஒவ்வொரு பதிவையும் இணைய ஆவணக் காப்பகத்தில் ஒரு பிரதி சேமித்துவிட வேண்டும். காசு கிடையாது, இரண்டு நிமிஷ வேலை.

இதற்கு மூன்று பேர் வேண்டும். கம்ப்யூட்டர் படித்தவர்கள்தான் வேண்டுமென்று இல்லை. பொறுமையாக முழுக்கப் படிக்கிறவர் என்றால் போதும். சாப்பாட்டுக்குப் பிறகு வாசல் மேஜையில் இருப்பேன், பெயர் கொடுங்கள். வீட்டில் பழைய எஸ்டேட் கணக்கு நோட்டு, போட்டோ எது இருந்தாலும் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள்.