தங்கவயலுக்கு அடியில் உள்ள இயற்பியல்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கியது. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். அதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் இந்த ஆழம். அந்த ஒரு பங்குக்கே தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உயிரைப் பணயம் வைத்தார்கள்.

கீழே போகப் போகச் சூடு ஏறுகிறது. அடிமட்டப் பாறையின் வெப்பநிலை 65 டிகிரி செல்சியஸை எட்டியது. ஆனாலும் தங்கவயலின் பாறை, உலகக் கணக்கில் குளிர்ந்த பாறை. பல இடங்களில் கிலோமீட்டருக்கு 25 டிகிரிக்குமேல் கூடும் வெப்பம், இங்கே அதில் பாதி அளவுக்கே கூடுகிறது. இந்நிலம் சுமார் 270 கோடி ஆண்டு பழமையானது. இத்தகைய தொன்மையான நிலத்தட்டு தடித்தது, ஆறியது. சூட்டுக்கு இன்னொரு காரணம் காற்று. சுரங்கத்தின் செங்குத்துக் குழியான ஷாஃப்டில் இறங்கும் காற்று தன் எடையாலேயே அமுங்குகிறது; அமுங்கும் காற்று சூடாகும். உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 10 டிகிரி கூடும். அதனால்தான் மேலிருந்தே காற்றைக் குளிரவைத்து அனுப்ப வேண்டியிருந்தது.

அடுத்தது அழுத்தம். 3 கிலோமீட்டர் ஆழத்தில், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீது மேலுள்ள பாறையின் பாரம் 800 கிலோவைத் தாண்டும். தாது வெட்டி எடுத்த இடம் வெற்றிடமாகிறது. அந்தத் தாது தாங்கிய பாரம் பக்கத்துப் பாறைக்கு மாறுகிறது. இழுத்த வில்லைப்போல் அந்தப் பாறை ஆற்றலைச் சேர்த்து வைக்கிறது. தாங்கும் எல்லை கடந்ததும் வெடிக்கிறது. இதுவே ராக் பர்ஸ்ட். கருங்கல் அடுக்கி முட்டுக் கொடுத்தும் முழுதாகத் தடுக்க முடியவில்லை. எத்தனையோ வீடுகள் ஆண்பிள்ளையை இழந்தன. வெடிப்பின் அதிர்வு சின்ன நிலநடுக்கமாகவே மேலே வந்தது. பல இடங்களில் பதித்த, நில அதிர்வை உணரும் ஜியோஃபோன்களுக்கு அது வந்து சேரும் நேர வித்தியாசத்தைக் கொண்டு, வெடித்த இடத்தைக் கணக்கிட்டார்கள்.

இதே பாறை விஞ்ஞானத்துக்குக் குடையாகவும் நின்றது. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதி மியூவான் என்னும் துகள்களை உண்டாக்குகின்றன. தரையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு நொடிக்கு ஒன்று வீதம் விழுகின்றன. 2.3 கிலோமீட்டர் பாறையைத் துளைத்து வருவது கோடியில் ஒன்றுகூட இல்லை. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சாம்பியன் ரீஃபில் அந்த ஆழத்தில் கருவிகளைச் சுவர்போல் நிறுத்தினார்கள். ஏன் சுவர்போல்? பக்கவாட்டில் வரும் துகளைப் பிடிக்க. பக்கவாட்டில் வரும் துகளுக்கு முன்னால் இருக்கும் பாறை பல மடங்கு தடிமன். மேலே பிறந்த மியூவான் அவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்காது. அப்படியும் பக்கவாட்டில் ஒரு மியூவான் வந்தால், அது அருகிலேயே பிறந்திருக்க வேண்டும். பெரும்பாலும் எதிலும் தடைபடாமல் ஊடுருவும் நியூட்ரினோ, அபூர்வமாக ஒரு பாறை அணுவில் மோதியதால் பிறந்தது அது. 1965-இல் அத்தகைய தடம் பதிவானது. வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகம் முதன்முதலில் கண்டறிந்த இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல். அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அது பதிவானது.

1980-களில் புரோட்டான் சிதைகிறதா என்ற தேடலும் இங்கே நடந்தது. அதற்கு விடை இன்றுவரை எங்கும் கிடைக்கவில்லை. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. நீர் இறைப்பது நின்றதும் அந்த ஆழங்களில் தண்ணீர் நிறைந்தது.