ஒரு செல், நாலு காவல்: லித்தியம் பேட்டரியை யாரை நம்பி சார்ஜ் போடறோம்?

இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். வெவ்வேற ரூபத்துல வருது, ஆனா அடிப்படை ஒண்ணு: "ப்ரோ, ஒரு 18650 செல், ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின சின்ன நீல கலர் சார்ஜிங் போர்டு, ரெண்டையும் சேர்த்து சால்டர் பண்ணிட்டேன். சார்ஜ் ஏறுது. சேஃப்தானே?"

சார்ஜ் ஏறுறது வேற, சேஃபா இருக்கறது வேற. சார்ஜ் ஏறுதுன்னா எல்லாம் ஒழுங்கா இருக்கும்போது சர்க்யூட் வேலை செய்யுதுன்னு அர்த்தம். சேஃப்னா, ஏதோ ஒண்ணு கெட்டுப்போன பிறகும் உங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகலன்னு அர்த்தம். இந்த எபிசோடு முழுக்க ரெண்டாவதைப் பத்திதான்.

செல்லுக்கு என்ன பயம்?

லித்தியம் அயான் செல்லுக்குள்ள ஒரு பக்கம் கிராஃபைட், இன்னொரு பக்கம் லித்தியம் கலந்த உலோக ஆக்சைடு. நடுவுல மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் படலம். இதெல்லாத்தையும் நனைச்சுக்கிட்டு, தீப்பிடிக்கக்கூடிய ஒரு திரவம். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி கொஞ்சம் ஓவர்சார்ஜ் ஆனா தண்ணி குறையும், டிஸ்டில்ட் வாட்டர் ஊத்திட்டுப் போயிடலாம். லித்தியம் அந்த மாதிரி பொறுத்துப்போற ஜாதி இல்லை.

சாதாரண செல்லுக்கு மேல் எல்லை 4.2 வோல்ட். அதைத் தாண்டித் தள்ளினா, லித்தியம் கிராஃபைட்டுக்குள்ள போக இடமில்லாம மேல உலோகமாப் படியும். எதிர்ப்பக்க ஆக்சைடும் நிலை தடுமாறும், சூடு ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல அந்தச் சூடு தன்னைத்தானே வளர்த்துக்கும். அதைத்தான் தெர்மல் ரன்அவே-ன்னு சொல்றாங்க. அந்த நேரத்துல ப்ளக்கைப் பிடுங்கினாலும் நிக்காது.

கீழ் எல்லையும் இருக்கு. ரொம்ப வடிஞ்சு போன செல்லுல, உள்ள இருக்கற செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். திரும்ப சார்ஜ் போடும்போது அந்தச் செம்பு கண்ட இடத்துல படிஞ்சு உள்ளுக்குள்ளயே ஷார்ட் ஆகலாம். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரிச்சு, ஒரு வோல்ட்டுக்கும் கீழ கிடக்கற செல்லை "எழுப்பி" விடற வீடியோக்கள் நிறைய வருது. செத்த செல்லை எழுப்பாதீங்க. அது திரும்பி வர்றப்போ வேற ஆளா வரும்.

மூணாவது வெப்பம். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழ சார்ஜ் பண்ணா லித்தியம் உலோகமாப் படியும். சென்னையில அந்தக் கவலை இல்லை. நமக்கு எதிர்த்திசைதான் பிரச்சினை: பெரும்பாலான செல்கள் 45 டிகிரிக்கு மேல சார்ஜ் ஆகக்கூடாது. மே மாசம் வெயில்ல நிறுத்தின கார் டாஷ்போர்டுல அந்த 45 எல்லாம் ஒரு நம்பரே இல்லை.

முதல் காவல்: சார்ஜர்

அந்த நீல போர்டுல இருக்கற எட்டுக்கால் சிப்தான் டிபி4056. அது பண்றது, தண்ணி லாரி வந்ததும் குடம் பிடிக்கற வேலை. முதல்ல குழாயை நல்லாத் திறந்து விடறோம், வாய்கிட்ட வந்ததும் மெல்லிசா அடைக்கறோம். அதே மாதிரி இந்த சிப் முதல்ல ஒரே சீரான கரண்ட் கொடுக்கும். செல் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் வோல்ட்டேஜை அங்கயே பிடிச்சு வெச்சுக்கிட்டு, கரண்ட் தானா குறையறதைப் பார்க்கும். ஆரம்பக் கரண்ட்ல பத்துல ஒரு பங்கு வந்ததும் நிறுத்திடும்.

இங்க ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, அந்தக் கரண்டை முடிவு பண்றது போர்டுல இருக்கற ஒரு குட்டி ரெசிஸ்டர். கடையில வரும்போது அது 1.2 கிலோ ஓம், அதாவது 1 ஆம்பியர். 2500 எம்ஏஹெச் செல்லுக்கு அது சரி. ப்ளூடூத் இயர்ஃபோன் சைஸ்ல இருக்கற 500 எம்ஏஹெச் பவுச் செல்லுக்கு அது அநியாயம். அதுக்கு 5 கிலோ ஓம் மாத்திப் போட்டா சுமார் 250 மில்லி ஆம்பியர் வரும்.

ரெண்டாவது, இது லீனியர் சார்ஜர். மிச்ச வோல்ட்டேஜை எல்லாம் சூடாத்தான் வெளிய விடும். 5 வோல்ட் உள்ள வருது, செல் 3.2 வோல்ட்ல இருக்கு, 1 ஆம்பியர் ஓடுதுன்னா அந்தத் துளியூண்டு சிப்புல 1.8 வாட் சூடு. அதனால போர்டை செல் மேலயே ஒட்டி, ஹீட் ஷ்ரிங்க் போட்டு அழகாப் பொட்டலம் கட்டாதீங்க. செல்லுக்குப் பக்கத்துலயே அடுப்பு வெச்ச மாதிரி ஆயிடும்.

ரெண்டாவது காவல்: ப்ரொடெக்‌ஷன்

கடையில இந்த போர்டு ரெண்டு வகையா கிடைக்கும். ஒண்ணுல பேட்டரி பிளஸ், மைனஸ் மட்டும் இருக்கும். அதுல சார்ஜர் மட்டும்தான். இன்னொண்ணுல அதோட அவுட் பிளஸ், அவுட் மைனஸ்-னு தனியா இருக்கும், கூடவே ரெண்டு சின்ன சிப். டிடபிள்யூ01ஏ மூளை, 8205ஏ கதவு. இந்த ரெண்டாவது போர்டை வாங்குங்க. விலை வித்தியாசம் ஒரு டீ காசு.

8205ஏ உள்ள ரெண்டு மாஸ்ஃபெட் எதிரெதிரா இருக்கும். ஏன் ரெண்டு? ஒரு மாஸ்ஃபெட்டை ஆஃப் பண்ணாலும் அதுக்குள்ள இயல்பா இருக்கற டையோடு ஒரு திசையில கரண்டை விட்டுடும். அதனால உள்ள போற கரண்டுக்கு ஒரு கதவு, வெளிய வர்ற கரண்டுக்கு ஒரு கதவு.

டிடபிள்யூ01ஏ எப்போ கதவைச் சாத்தும்? செல் சுமார் 4.28 வோல்ட் போனா உள்கதவு, சுமார் 2.4 வோல்ட்டுக்கு இறங்கினா வெளிக்கதவு. கரண்ட் அளவு மீறினாலும் வெளிக்கதவுதான். இந்த நம்பரைக் கொஞ்சம் பாருங்க. மேல் எல்லை 4.2, இது மூடறது 4.28. ரெண்டும் ஒண்ணு இல்லை, வேணும்னே தள்ளி வெச்சிருக்காங்க. ஏன்னா இது தினமும் மூடற கேட் இல்லை, கடைசி மதில். "ப்ரொடெக்‌ஷன்தான் இருக்கே, நேரா 5 வோல்ட் கொடுத்தா அதுவே கட் பண்ணிக்கும்"-னு சார்ஜர் இல்லாம ஓட்டறவங்க இருக்காங்க. அது, ஹேண்ட் பிரேக் இருக்கேன்னு கால் பிரேக்கைக் கழட்டிட்டு வண்டி ஓட்டற கதை.

கீழ் எல்லையும் அப்படித்தான். 2.4 வரைக்கும் வடிய விடாதீங்க. உங்க இஎஸ்பி32 கோட்ல 3.2 வோல்ட் கிட்ட வந்ததும் ஸ்லீப் போகச் சொல்லுங்க.

முக்கியமா ஒண்ணு: லோடை எப்பவும் அவுட் மைனஸ்லதான் கொடுக்கணும். நேரா செல் மைனஸ்ல சால்டர் பண்ணீங்கன்னா, கதவைச் சுத்திக்கிட்டு கொல்லைப்புறமா வெளிய வர்ற மாதிரி. காவலாளி வாசல்ல நின்னுக்கிட்டே இருப்பான்.

ஒவ்வொண்ணாக் கொன்னு பாருங்க

நம்ம ஆளுங்களுக்கு கேயாஸ் மங்கி தெரிஞ்சிருக்கும். ஓடிக்கிட்டு இருக்கற சர்வரை வேணும்னே சாகடிச்சு, சிஸ்டம் தாங்குதான்னு பார்க்க நெட்ஃபிளிக்ஸ் எழுதின டூல். அதையே பேப்பர்ல இந்த சர்க்யூட்டுக்குப் பண்ணலாம்.

சார்ஜர் சிப் ஷார்ட் ஆயிடுச்சு. 5 வோல்ட் நேரா செல்லுக்குப் போகுது. ப்ரொடெக்‌ஷன் 4.28ல சாத்திடும். பிழைச்சோம். இப்போ அந்த மாஸ்ஃபெட்டும் போயிடுச்சு. மாஸ்ஃபெட் கெட்டா பெரும்பாலும் திறந்தே கெடும், மூடிக் கெடாது. அடுத்து யாரு? டிபி4056ல வெப்பம் பார்க்க ஒரு கால் இருக்கு, ஆனா நாம வாங்கற போர்டுல அதை கிரவுண்டோட சேர்த்து முடக்கி வெச்சிருப்பாங்க. அதனால செல் கொதிச்சாலும் அதுக்குத் தெரியாது. மூணாவது காவல் இருக்க வேண்டிய இடம் காலி. அந்தக் காலை விடுவிச்சு, செல்லோட ஒட்டி ஒரு தெர்மிஸ்டர் கொடுக்கறது அரை மணி நேர வேலை.

கடைசியா செல் மட்டும்தான். நல்ல கம்பெனி 18650 பலதுல, உள்ள அழுத்தம் ஏறினா இணைப்பைத் துண்டிக்கற ஒரு தகடு இருக்கும். "9900 எம்ஏஹெச்"னு அச்சடிச்சு விக்கற செல்லுல அதை எதிர்பார்க்காதீங்க. அந்த சைஸ்ல நல்ல செல்லே 3500 பக்கம்தான் வரும். லேபிள்லயே பொய் சொல்றவன் உள்ள உண்மையா இருப்பானா?

ரெண்டு செல்லை சீரியஸ்ல போட்டா கணக்கு இன்னும் நுணுக்கம். 8.4 வோல்ட் வந்ததும் சார்ஜர் நிறுத்திடும். ஆனா 4.0 கூட்டல் 4.4 அதுவும் 8.4தான். சார்ஜர் கண்ணுக்கு எல்லாம் சரி, ஒரு செல் மட்டும் ஆபத்துல இருக்கு. அதனால சீரியஸ்னா ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாப் பார்க்கற பிஎம்எஸ் கட்டாயம்.

இப்போ நம்ம தொழில்காரங்களுக்கு. "சிப் எதுக்கு, மைக்ரோகன்ட்ரோலர்ல வோல்ட்டேஜ் படிச்சு நானே கட் பண்றேன்"-னு தோணும். எனக்கும் கோட்தான் சோறு போடுது, அதனால உரிமையோட சொல்றேன்: வேண்டாம். கோட் ஒரு லூப்புல மாட்டி நின்னா, அந்த பின் கடைசியா ஆன்ல இருந்தா ஆன்லயேதான் நிக்கும். டிடபிள்யூ01ஏ உள்ள கோடே கிடையாது, வோல்ட்டேஜை ஒப்பிட்டுப் பார்க்கற சர்க்யூட் மட்டும்தான். அதுக்கு அப்டேட் வராது, ஹேங்கும் ஆகாது. சாஃப்ட்வேர் சதவீதம் காட்டட்டும், 80ல நிறுத்தட்டும். உயிர் காக்கற வேலை ஹார்டுவேர்கிட்டயே இருக்கட்டும்.

நாலாவது காவல்: எரிஞ்சா எங்க எரியும்?

எல்லா சர்க்யூட்டும் சரியா இருந்தும் எரிஞ்ச கதைகள் இருக்கு. 2016ல சாம்சங் கேலக்ஸி நோட் 7. அடுத்த ஜனவரியில அந்த நிறுவனமே காரணம் சொன்னது: முதல் சப்ளையரோட செல்லுல ஒரு மூலையில எலெக்ட்ரோடு மடங்கியிருந்தது, மாத்திக் கொடுத்த செல்லுல வெல்டிங் பிசிறு. ரெண்டும் செல்லுக்குள்ள நடந்த ஷார்ட். வெளிய நிக்கற காவலாளி வீட்டுக்குள்ள நடக்கற சண்டையை எப்படித் தடுப்பான்?

2013 ஜனவரியில பாஸ்டன் விமான நிலையத்துல நின்னுக்கிட்டிருந்த போயிங் 787லயும் அதேதான். ஒரு செல்லுல உள் ஷார்ட், பக்கத்து செல்களுக்கும் பரவினது. போயிங் என்ன பண்ணாங்க தெரியுமா? பேட்டரியையும் சார்ஜரையும் திருத்தினதோட நிறுத்தல. மொத்தத்தையும் ஒரு எஃகுப் பெட்டிக்குள்ள வெச்சு, புகை விமானத்துக்கு வெளிய போக ஒரு குழாயும் போட்டாங்க. "எரியாது"ன்னு நம்பறதை விட்டுட்டு, "எரிஞ்சா என்ன"ன்னு கேட்டதுதான் அந்த டிசைன்.

இது நம்ம ஊர் விஷயமும்தான். 2022 மார்ச்ல வேலூர்ல, ராத்திரி வீட்டுல சார்ஜ் போட்டிருந்த இ-ஸ்கூட்டர் எரிஞ்சு, அந்தப் புகையில மூச்சுத் திணறி ஒரு அப்பாவும் பள்ளிக்கூடம் போற வயசு மகளும் இறந்துபோனாங்க. அந்த வருஷம் நாட்டுல பல இடங்கள்ல ஸ்கூட்டர் எரிஞ்ச பிறகு, ஏஐஎஸ் 156 விதிகளைக் கடுமையாக்கி 2022 டிசம்பர்ல ஒரு கட்டம், 2023 மார்ச் கடைசியில இன்னொரு கட்டமா கொண்டுவந்தாங்க. ஒரு செல் எரிஞ்சா பக்கத்து செல்லுக்குப் பரவுதான்னு பார்க்கறதும் அதுல வருது.

அதனால சர்க்யூட் எவ்வளவு நல்லா இருந்தாலும், ஸ்கூட்டரையோ பெரிய பேட்டரியையோ வாசற்படியை மறிச்சு, படிக்கட்டுக்கு அடியில வெச்சு சார்ஜ் போடாதீங்க. எரிஞ்சா நீங்க ஓட வேண்டிய வழி அதுதான். உப்பின செல்லை சார்ஜ் போடாதீங்க. சொந்தமாப் பண்ண ப்ராஜெக்ட்டை மெத்தை மேல வெச்சுட்டுத் தூங்காதீங்க. ஒரு ஓட்டுத் துண்டோ டைல்ஸோ மேல வெச்சு, முழிச்சிருக்கும்போது சார்ஜ் போடுங்க. புகை வந்தா போனையும் லேப்டாப்பையும் காப்பாத்தப் போகாம ஆளுங்களை வெளிய கூட்டிட்டு வந்துடுங்க.

இந்த வாரம் உங்க மேசையில கிடக்கற ப்ராஜெக்ட்டை எடுங்க. ஒரு பேப்பர்ல நாலு காவலையும் எழுதுங்க: சார்ஜர், ப்ரொடெக்‌ஷன், வெப்பம், வெச்சிருக்கற இடம். ஒவ்வொண்ணா அடிச்சுட்டு, "இது போயிடுச்சு, அடுத்து யாரு?"ன்னு கேளுங்க. எந்த இடத்துல பதில் வரலையோ, அங்கதான் உங்க வேலை இருக்கு. அடுத்த எபிசோடுல பார்க்கலாம். பத்திரமா இருங்க.