மரக் கொக்கியின் வாயைப் பாருங்கள்

குரோஷே பின்னப் பழகியவர்கள் கொஞ்ச நாளிலேயே கேட்கத் தொடங்கும் கேள்வி ஒன்று உண்டு. அலுமினிய ஊசியை வைத்துவிட்டு மர ஊசிக்கு மாறினால் கைக்கு இதமாக இருக்குமா? விற்பவர்கள் தயங்காமல் ஆமாம் என்பார்கள். வழுவழுவென்று வண்ணமேற்றிய மர ஊசிகளைப் பார்த்தால் வாங்கத்தான் தோன்றும். ஆனால் மரம் என்பதற்காக மட்டும் ஒரு ஊசி சுகமாக இருந்துவிடாது. கையின் சுகம் முக்கால்வாசி அதைச் செதுக்கிய விதத்தில் இருக்கிறது. மோசமாகச் செதுக்கிய ஈட்டி மரத்தைவிட, ஒழுங்காகச் செய்த சாதாரண அலுமினியம் எவ்வளவோ மேல் என்பதே என் கட்சி.

ஒரு ஊசிக்காக இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். குழந்தைக்கு எண்பது சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு போர்வை என்று வைத்துக்கொள்வோம். நடுத்தரக் கனமுள்ள நூலில், 10 சென்டிமீட்டருக்கு 14 பின்னல், 16 வரிசை வந்தால் மொத்தம் 14,336 சிங்கிள் குரோஷே. ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை நூலைச் சுற்றி இழுக்க வேண்டும். ஆக 28,000 தடவைக்கு மேல் மணிக்கட்டு திரும்புகிறது. சாதாரணப் பின்னலாடைக்கு யந்திரம் வந்துவிட்டது. குரோஷேயில் யந்திரம் தருவது சாயல் மட்டுமே, அசல் பின்னல் இன்றும் கையில்தான் வருகிறது. 2016-இல் சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவினர் பதினோராயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட போர்வையைப் பரப்பிக் கின்னஸ் சாதனை படைத்தார்களே, அதன் ஒவ்வொரு பின்னலும் யாரோ ஒருவர் கையில் உருவானதுதான். இத்தனை ஆயிரம் தடவை திரும்பும் கைக்கு, பிடியில் இருக்கும் சிறு குறையும் பெரிய தொல்லையாகிவிடும்.

மரத்துக்கு உரிய பெருமையையும் குறைக்க வேண்டாம். அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஊட்டிக் குளிரிலோ ஏசி அறையிலோ உலோக ஊசி விரலைச் சில்லிட வைப்பதும், மரம் தொட்டவுடன் வெதுவெதுப்பாகத் தெரிவதும் அதனால்தான். மெல்லிய அலுமினிய ஊசியும் கனமானதல்ல, ஆகவே மரம் எடை குறைவு என்ற பேச்சில் பெரிய சாரம் இல்லை. மரத்தின் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. 4 மில்லிமீட்டர் அலுமினிய ஊசியின் தண்டும் ஏறக்குறைய அதே பருமன்தான், பென்சிலைவிட மெல்லிசு. அவ்வளவு ஒல்லியான பொருளைச் சுழலாமல் பிடிக்க விரல்கள் அழுத்திக் கிள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் கிள்ளல்தான் கட்டைவிரல் அடியில் வலியாக வந்து நிற்கிறது. உலோகத்தில் பிடியைத் தடிமனாக்கினால் கனம் ஏறும். மரத்தில் பருமனைக் கூட்டினாலும் கை கனக்காது. ஆகவே பிடி பருக்காமல், அலுமினிய ஊசியின் அதே ஒல்லி உருவத்தில் மரத்தைக் கடைந்து விற்றால் அதை வாங்குவதில் அர்த்தமே இல்லை. நிறைய மூங்கில் ஊசிகள் அப்படித்தான் வருகின்றன.

இனி ஊசியைக் கையில் எடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது வாய், அதாவது நூலைக் கவ்வும் அந்தச் சின்ன உதடு. மரத்தின் நார் ஊசியின் நீளவாக்கில் ஓட வேண்டும். நேராக ஓடினாலும் உதட்டுப் பகுதியில் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, துண்டாகத்தான் நிற்கும். மர ஊசி முதலில் பிசிறு தட்டுவதும் சில்லு பெயர்வதும் அங்கேதான். நார் சாய்வாக ஓடியிருந்தால் கழுத்தே ஒருநாள் முறிந்துவிடும். அதனால் மரத்தில் கொக்கியை உலோகத்தில் போல மெல்லியதாகச் செதுக்க முடியாது, கொஞ்சம் தடிப்பாக விட்டே ஆக வேண்டும். அந்தத் தடிப்பை உருட்டி வழித்திருக்கிறார்களா, மொட்டையாக விட்டுவிட்டார்களா என்பதில்தான் கைவேலை தெரியும். கண்ணால் பார்த்தால் போதாது. பழைய நைலான் துணியோ மெல்லிய பட்டுத் துப்பட்டாவோ இருந்தால் உதட்டின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஓர் இழை மாட்டினாலும் நூல் அங்கே பிரியும். நூல் பிரிந்தால் கண் அதைத் தேடும், கை இறுகும், சுகம் போய்விடும். வீட்டிலேயே நைஸ் உப்புத்தாளால் தேய்த்துச் சிறு பிசிறைச் சரிசெய்யலாம், ஆனால் புது ஊசிக்கு நாம் ஏன் அந்த வேலையைப் பார்க்க வேண்டும்?

அடுத்தது, வாய்க்கும் பிடிக்கும் நடுவே உள்ள நேரான தண்டு. கைக்கு இதமாக வளைத்துச் செதுக்கிய மர ஊசிகளில் அதிகம் காணும் குறை இங்கேதான். அழகுக்காகத் தண்டை உடனே பருக்க விட்டுவிடுகிறார்கள். டபுள் குரோஷே போடும்போது ஊசியில் மூன்று வளையம் நிற்கும், டிரெபிளில் நான்கு. தண்டு போதாவிட்டால் வளையங்கள் பருத்த பகுதிக்கு ஏறி அகன்றுவிடும். 5 மில்லிமீட்டர் என்று வாங்கியதில் 6 மில்லிமீட்டர் ஊசியின் பின்னல் வரும். இரண்டு விரல் அகலமாவது நேர்த்தண்டு இருக்கட்டும். பிடியில் கட்டைவிரல் பதியக் குழி வெட்டியிருந்தால், பேனா பிடிப்பது போலவும் கத்தி பிடிப்பது போலவும் இரண்டு விதமாகவும் பிடித்துப் பாருங்கள். குழி ஒரே பிடிக்கு மட்டும் பொருந்தினால் அது கையைப் பூட்டிவிடும். நேரம் போகப் போக பிடியை மாற்றிக்கொள்வதே கைக்கு ஓய்வு. அதனால் ஆழமான குழியைவிட இலேசான தட்டையே நல்லது. பிடியிலும் தண்டிலும் தடித்த வார்னிஷ் பூச்சு வேண்டாம். நம் ஊர் வியர்வையில் அது பிசுபிசுக்கும், அக்ரிலிக் நூலும் அதில் ஒட்டி இழுக்கும்.

செதுக்கிய பிடி வேண்டும் என்பதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. ஆந்திராவின் மேற்கு கோதாவரிப் பகுதியில் நரசாப்பூர் பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஒல்லி எஃகு ஊசியில் உலகத்துக்கே லேஸ் பின்னித் தருகிறார்கள், 2024-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது, அவர்கள் செதுக்கிய பிடி கேட்டார்களா என்பார்கள். மெல்லிய பருத்தி நூலுக்கு எஃகுதான் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு மில்லிமீட்டர் கொக்கியை மரத்தில் செதுக்கினால் நிற்காது. ஆனால் அவர்கள் புகார் சொல்லவில்லை என்பதை வலி இல்லை என்பதற்குச் சாட்சியாக ஏற்க மாட்டேன். ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-இல் வெளியான தம் நூலில் காட்டியது இதுதான். அந்தப் பெண்களின் உழைப்பை உழைப்பென்றே எண்ணாமல், வீட்டுப் பெண்களின் ஓய்வுநேர வேலை என்று ஒதுக்கிவிட்டார்கள். உழைப்பையே கணக்கில் எடுக்காத இடத்தில் கைவலியை யார் கேட்டிருப்பார்கள்? இன்னொன்று, 1840-களின் பஞ்சத்தில் அயர்லாந்துப் பெண்கள் பிழைப்புக்காக லேஸ் பின்னியபோது, மெல்லிய எஃகுக் கொக்கியை மரத்திலோ தக்கையிலோ செருகிப் பிடித்துக்கொண்டார்கள். கொக்கிக்கு உலோகம், கைக்கு மரம். இன்றும் அந்த இணைப்பு ஊசிகள் கிடைக்கின்றன. 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த அளவுக்கு நான் சிபாரிசு செய்வது அவற்றைத்தான்.

மரவகையைக் கடைசியாகப் பாருங்கள். வழுக்கும் பட்டு, விஸ்கோஸ் நூலுக்கு மரத்தின் பிடிமானம் உதவும். பருத்தி நூல் மூங்கிலில் சற்று இழுபடும். ஈட்டி போன்ற அடர்ந்த மரத்தில் உதடு நெடுநாள் வடிவம் குலையாமல் நிற்கும், மூங்கில் சீக்கிரம் பிசிறும். பிர்ச் மரத்தைத் தகடு தகடாக ஒட்டிச் செய்பவை, இந்தியாவிலேயே தயாராகும் நிட்ப்ரோ ஊசிகளைப் போல, இரண்டுக்கும் நடுவே வரும். எந்த மரமானாலும் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். தேங்காய் எண்ணெயும் தடவாதீர்கள், வெள்ளை நூலில் கறை ஏறும். துணியில் கொஞ்சம் தேன்மெழுகு தொட்டுத் துடைத்தால் போதும்.

விலை அதிகம் என்ற குறை நியாயமானதுதான். அதற்காகப் பன்னிரண்டு ஊசிப் பெட்டியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்க வேண்டாம். அதில் பாதி தொடப்படாமலே கிடக்கும். நீங்கள் அதிகம் பின்னும் அளவில், பெரும்பாலோருக்கு அது 4 அல்லது 5 மில்லிமீட்டர், ஒரே ஒரு மர ஊசி வாங்குங்கள். பாதியில் நிற்கும் போர்வைக்கு அதை எடுக்காதீர்கள், ஊசி மாறினால் பின்னலின் இறுக்கமும் மாறும். புதிய வேலையைத் தொடங்கி நாலு வரிசை போட்டுப் பாருங்கள். விரல் இறுகினால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். ஏற்கெனவே மணிக்கட்டு மரத்துப்போகிறது, இரவில் வலிக்கிறது என்பவர்கள் ஊசிக் கடைக்குப் போகும் முன் மருத்துவரைப் பாருங்கள்.