கந்தல் துணியும் கலைக்கூடமும்



ஊசி வேலை மீண்டும் பலருக்கு விருப்பமான பொழுதுபோக்காகி வருகிறது. துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பதும் அவற்றுள் ஒன்று. ஆனால், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள ஜீஸ் பெண்ட் சிற்றூரில் அது பொழுதுபோக்காகப் பிறந்த கலையன்று. பருத்திப் பண்ணை அடிமைகளின் வழிவந்த பெண்கள், வயலில் உழைத்துக் கிழிந்த உடைகளை வெட்டித் தைத்தார்கள். குளிரில் பிள்ளைகள் உறங்க வேண்டுமே!

அவ்வூரார் வாக்காளராகப் பதிய ஆற்றைக் கடந்து கேம்டன் நகருக்குச் சென்றனர்; 1962-இல் படகுப் போக்குவரத்தே நிறுத்தப்பட்டது. வாக்குரிமை கேட்டதற்காக அவ்வட்டாரத்தில் குடியிருப்பை இழந்தோரும் பலர். 1966-இல் பெண்கள் கூட்டுறவு அமைத்துப் போர்வைகளை வெளியூர்களில் விற்றனர். ஊசி வேலையை அற்பமென எண்ணும் இளைஞர்கள் கேட்க வேண்டும்: அந்தக் கூட்டுறவு நிலம் வாங்கித் தையற்கூடம் கட்டியது, வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு அங்கேயே மனையும் விற்றது.

2002-இல் ஹூஸ்டன் கலைக்கூடம் ஜீஸ் பெண்ட் போர்வைகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டியது. 2006-இல் அஞ்சல்தலைகளிலும் அவை இடம்பெற்றன. புகழ் வந்தது, பங்கு வந்ததா? தமக்குரிய வருவாய் கிட்டவில்லையென்று 2007-இல் தைத்தவர்களுள் சிலர் வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டு அது சமரசத்தில் முடிந்தது.